சாப்ட்டாச்சா, பக்கத்துல யார் இருக்கா

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கிற காலனியில் யாராவது இறந்துபோனால், டாக்டருக்கு அடுத்தபடியாக லோகநாயகிக்குத்தான் தகவல் வரும். அழுதுகொண்டே யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். கையில் செல்போன் இருக்கும், அதில் வெளியூரில் இருக்கிற பிள்ளையின் நம்பர் இருக்கும். "நீங்களே சொல்லிடுங்கக்கா, எங்களால முடியாது" என்பார்கள். லோகநாயகி அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிக்கொள்வாள்.

நம் ஜனங்களுக்குச் சாவைச் சொல்ல வாய் வராது. உயிர் ஊசலாடுகிறது என்போம், இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்போம், இந்த அமாவாசையைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்போம். டாக்டர்கள் வந்து கிரிட்டிக்கல், அப்சர்வேஷன், இருபத்துநாலு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும் என்று தங்கள் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்துவிட்டார்கள். இத்தனை இருந்தும், போனைக் காதில் வைத்ததும் ஒன்றும் உதவிக்கு வராது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் லோகநாயகி வேண்டியிருந்தது.

அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில், "சாப்ட்டாச்சா?" என்று கேட்பாள். வெறும் வயிற்றில் கேட்டால் மயங்கி விழுந்துவிடுவார்கள் என்பது அவள் கணக்கு. அடுத்தது, "பக்கத்துல யார் இருக்கா?" மூன்றாவது, "வண்டி யார் ஓட்டுவா? நீ ஓட்டாத." இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். அப்போதும் உண்மை வராது. "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். ஐசியூல வெச்சிருக்காங்க. உன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்கார். நிதானமா கிளம்பி வா." அப்பா அந்நேரம் கூடத்தில் வாய்க்கட்டு கட்டிப் படுத்திருப்பார். ஆனால் பிள்ளை ஊர் வந்து சேருகிறவரை அவருக்கு உயிர் இருக்கும். அத்தனை மணி நேரம் அவரைச் சாகவிடாமல் வைத்திருப்பது லோகநாயகியின் பொறுப்பு.

இது பொய்தான். அவளுக்கும் தெரியும். ஆனால் முதல்முதலில் அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

தொண்ணூற்றொன்றில் அவளுக்கு இருபத்தாறு வயது. பல்லாவரத்தில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஒரு நாள் காலையில் சுவிசேஷமுத்து என்ற ஃபிட்டர் கரண்ட் ஷாக் அடித்து இறந்துபோனார். மேனேஜர் வந்து, "வீட்டுக்குச் சொல்லிடும்மா" என்று ஒரு சீட்டை நீட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். கோவிலம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடை நம்பர் அது. சுவிசேஷமுத்துவின் தம்பி ஓடி வந்து போனை வாங்கினான். லோகநாயகி எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவள் மாதிரி, "சுவிசேஷமுத்து இறந்துட்டார், ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள். தம்பி கடைக்காரனின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஜி.எஸ்.டி. ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு லாரி.

உயிர் தப்பியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பத்து நாள் கழித்து அவள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். அவன் கோபப்படவில்லை. "கொஞ்சம் பொறுத்து சொல்லிருக்கலாமேமா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் அவள் அழுது ஆற்றியிருப்பாள். திட்டாததால் அது முப்பத்துநாலு வருஷம் அவளோடு தங்கிவிட்டது.

அதன் பிறகு தொழிற்சாலையில் எந்தக் கெட்ட செய்தியானாலும் அவள் டெலிபோன் பலகை வழியாகத்தான் போனது. ஓய்வு பெற்ற பின் காலனி அவளைப் பிடித்துக்கொண்டது. சங்கச் செயலாளர் பாலுவின் அப்பா போனபோது, ஓசூரில் வேலையாக இருந்த பாலுவுக்கு அவள்தான் பேசினாள். எதிர்வீட்டு ஸ்ரீவித்யாவின் மாமியார் போனபோதும் அவள்தான். இப்படி ஒரு இருபது, இருபத்தைந்து வீடுகள். நாளாக ஆக, ஒரு விஷயம் காலனியில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. லோகநாயகி போன் பண்ணி, சாப்ட்டாச்சா, பக்கத்துல யார் இருக்கா என்று கேட்டால், முடிந்துவிட்டது என்று அர்த்தம். கேட்டுக்கொண்டவர்கள் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். "சரிக்கா, வரேன்" என்பார்கள். அவளும் தெரியாதவள் மாதிரி வைத்துவிடுவாள். இரண்டு பக்கமும் ஒரு மரியாதை.

அவள் மகள் ரோஹிணிக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சின்ன வயதில் பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள். ஒவ்வொரு போன் முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். ஒருமுறை, "ஏம்மா, செத்துப்போனவங்க எப்படிம்மா கேட்டுக்கிட்டிருப்பாங்க?" என்று கேட்டாள். "அவங்க வந்து சேரணும் இல்ல" என்றாள் லோகநாயகி. ரோஹிணி அதற்குமேல் கேட்டதில்லை. இப்போது அவள் பெங்களூரில் இருக்கிறாள். புருஷன் அச்சுதன், எட்டு வயதில் ஒரு மகன்.

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. லோகநாயகியின் கணவர் ஜெயகிருஷ்ணன் வழக்கம்போல் காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் நடக்கப் போனார். தாம்பரம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். நடையிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். இரண்டாவது சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தார், பிறகு சரிந்தார். விழுந்ததில் மூக்குக்கண்ணாடி உடைந்தது. கூட நடந்தவர்கள் ஆட்டோவில் போட்டு, குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

லோகநாயகி போய்ச் சேர்ந்தபோது அவர் ஐசியூவில் இருந்தார். டாக்டர் வெளியே வந்து, "மாரடைப்பும்மா. பெரிசுதான். இப்ப நல்லா பேசறார். ஆனா இன்னிக்குப் பொழுது போனாத்தான் எதையும் சொல்ல முடியும். பசங்க இருந்தா வரச் சொல்லிடுங்க" என்றார். உள்ளே ஐந்து நிமிஷம் விட்டார்கள். ஜெயகிருஷ்ணன் அவளைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"ரோஹிணிகிட்ட சொல்லிட்டியா?"

"இதோ சொல்றேங்க."

"வரச் சொல்லு. பாக்கணும்."

அவர் இப்படி வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. மகள் ஊருக்கு வந்தால், வந்தியா என்பார். கிளம்பினால், சரி என்பார். அவ்வளவுதான். லோகநாயகி வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தாள். மணி எட்டரை.

பயத்தில் கால் பழகின வழியில்தான் போகும், நாக்கும் அப்படித்தான். "ரோஹிணி, சாப்ட்டாச்சா?" என்றாள்.

மறுபக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"பக்கத்துல யார் இருக்கா? அச்சுதன் இருக்காரா? நீ வண்டி எடுக்காதம்மா. அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ். ஐசியூல இருக்கார். உன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்கார். கிளம்பி வா."

"சரிம்மா" என்றாள் ரோஹிணி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். "நீ தைரியமா இரும்மா."

அவ்வளவுதான். என்ன ஆச்சு, எப்போ ஆச்சு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பெண் எவ்வளவு பக்குவமாக இருக்கிறாள் என்று லோகநாயகி நினைத்துக்கொண்டாள். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. வாழ்நாளில் அந்த வார்த்தைகளை அவள் உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

பெங்களூரில் ரோஹிணி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா போயிட்டார்" என்று அச்சுதனிடம் சொன்னாள். "அம்மா சீரியஸ்னு சொல்றா. நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க. அவ பாவம், அவளே சொல்லட்டும்." அச்சுதன் பத்தரை மணி விமானத்தைப் பார்த்தான். ஒரே ஒரு சீட் இருந்தது. உயிரோடு இருக்கிற அப்பாவைப் பார்க்க என்றால், அவள் கட்டின புடவையோடு ஒற்றை ஆளாக ஓடியிருப்பாள். போனவரைப் பார்க்கப் போகிறவள் குடும்பத்தோடுதானே போக வேண்டும். தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் வேண்டும். அவனைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்து, துணி எடுத்துவைத்து, கார் கிளம்பும்போது மணி பதினொன்றரை. நடுவில் ரோஹிணி பாலுவுக்குப் போன் பண்ணி, வீட்டில் செய்ய வேண்டியதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "அம்மாகிட்ட ஒண்ணும் பேசாதீங்க அங்கிள்" என்றும் சொன்னாள்.

இதெல்லாம் லோகநாயகிக்கு அப்போது தெரியாது. பத்து மணிக்கு அவள் மறுபடி போன் பண்ணினாள். அச்சுதன் எடுத்தான்.

"கிளம்பியாச்சா மாப்பிள்ள?"

"கிளம்பிக்கிட்டே இருக்கோம் அத்தை."

"அவகிட்ட சொல்லுங்க. கண்ண தொறந்தாலே அவளத்தான் கேக்கறார்."

"சொல்றேன் அத்தை. நீங்க மனச விட்டுடாதீங்க" என்றான். போனை அவர்கிட்ட ஒரு நிமிஷம் கொடுங்கள் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மாமியார் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும் என்று, அவள் மேல் இருந்த பிரியத்தில் கேட்காமல் விட்டான். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் எல்லோரும் சேர்ந்துதான் அன்றைக்கு இதைச் செய்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தா ஜன்னலில் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். பதினொன்றரை மணி வாக்கில் ஒன்று தாழ்வாக வந்து இறங்கியது. லோகநாயகி அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு மறுபடி உள்ளே விட்டார்கள். ஜெயகிருஷ்ணனின் முகம் காலையில் இருந்ததைவிட வெளுத்திருந்தது.

"எங்க வந்துக்கிட்டிருக்கா?"

"கிருஷ்ணகிரி தாண்டிட்டாளாம்" என்றாள் லோகநாயகி, வாய்க்கு வந்ததை. அவளுக்கு இது கஷ்டமில்லை, எத்தனை பேருக்குச் சொன்னது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. "வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர்... வாலாஜா டோல்ல கொஞ்சம் நிக்கும். நாலு மணிக்கு இங்க இருப்பா." பிறகு, "லோகு, அந்தப் பழைய கண்ணாடி பீரோல இருக்கும், எடுத்தா. அது இல்லாம அவ மூஞ்சி சரியா தெரியாது" என்றார்.

ஒரு மணிக்கு அவள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். தெரு முனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. அவள் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு வேனிலிருந்து இரண்டு பேர் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலை செய்கிற பச்சையம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இவளைப் பார்த்ததும் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எம்மா, காலையில கூட என்னாண்ட நல்லா பேசிக்கினு போனாரேமா..."

லோகநாயகிக்கு முதலில் ஆஸ்பத்திரியிலிருந்து இவர்களுக்குத் தகவல் வந்துவிட்டதோ என்றுதான் தோன்றியது. அந்தச் சிவப்பு நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்தாள். "யார் சொன்னா?" என்றாள்.

பாலு தலையைக் குனிந்துகொண்டு வந்தான். "ரோஹிணிதான்கா சொல்லிச்சு. நீங்க காலையிலேயே போன் பண்ணீங்களாமே." கொஞ்சம் தயங்கினான். "சாப்ட்டாச்சான்னு கேட்டீங்களாம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எழுந்து நின்றாள். "அவர் உசுரோட இருக்கார் பாலு. கண்ணாடி கேட்டார். எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்."

பாலுவின் முகத்தில் அவள் ஒன்றைப் பார்த்தாள். அவன் நம்பவில்லை. துக்கத்தில் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறான். பச்சையம்மாதான் மூக்கைச் சிந்திவிட்டு, "நெசமாவா கீறாரு?" என்றாள். "இருக்கார்டி" என்று லோகநாயகி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். வேன்காரப் பையன் பிரேம் ஐஸ் பெட்டியைத் திரும்ப ஏற்றினான். "சாரிமா, போன் வந்துச்சின்னு வந்துகினோம், தப்பா நெனச்சிக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டுப் போனான்.

லோகநாயகி வாசலிலேயே நின்று ரோஹிணிக்குப் போன் பண்ணினாள். இந்தத் தடவை ரோஹிணியே எடுத்தாள்.

"ரோஹிணி, அப்பா உசுரோட இருக்கார்."

"சரிம்மா."

"சரிம்மாங்காத. நிஜமா சொல்றேன். பேசறார்."

"வேணாம்மா" என்றாள் ரோஹிணி. அழுது களைத்த குரல். "எனக்குமா நீ இப்படிச் சொல்லணும்? நாங்க ஓசூர் தாண்டிட்டோம். வந்துடுவோம். நீ போன வை."

ஊருக்கெல்லாம் பேசினவளுக்குத் தன் மகளை ஒரு வார்த்தை நம்பவைக்க வழி இல்லை. எதைச் சொன்னாலும் அது ஏற்கெனவே யாருக்கோ சொன்னதாக இருந்தது. கண் திறந்தார், கேட்டார், பேசினார், எல்லாம் செத்தவர்களுக்குச் செலவழித்த வார்த்தைகள். கடைசியில் அவள் இதுவரை யாரிடமும் போனில் செய்யாத ஒன்றைச் செய்தாள்.

"உங்கப்பா தலைமேல சத்தியம்டி. உன் மூஞ்சி தெரியாதுன்னு கண்ணாடி எடுத்தாரச் சொல்லி அனுப்பிச்சிருக்கார்."

மறுமுனையில் கார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ரோஹிணி கத்தினாள். வார்த்தை இல்லாத கத்தல். அது அடங்கியதும், "காலையிலேயே ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாமேம்மா, பத்தரை ஃப்ளைட்டுல வந்திருப்பேனே" என்றாள்.

கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே என்றான் ஒருவன். நேராகச் சொல்லியிருக்கலாமே என்கிறாள் இவள். நடுவில் முப்பத்துநாலு வருஷம். லோகநாயகி உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு பாலுவின் காரில் ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டேகால் ஆகிவிட்டது. அதற்குள் ஜெயகிருஷ்ணனுக்கு மூச்சு வாங்கி, வாயில் குழாய் போட்டிருந்தார்கள். கண் மூடியிருந்தது. ஷர்மிளா என்கிற சின்ன வயசு நர்ஸ், "மயக்கத்துல வெச்சிருக்கோம்மா" என்றாள். லோகநாயகி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐசியூவுக்குள் போன் கூடாது. ஷர்மிளா டாக்டர் அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம்தான்" என்றாள்.

போனை அவர் காதோரம் வைத்தார்கள். ரோஹிணி, "அப்பா" என்றாள். மறுபடி, "அப்பா". அந்த ஒரு நிமிஷமும் அவளுக்கு வேறு எதுவும் வரவில்லை. ஜெயகிருஷ்ணனின் கண் இமை அசைந்ததா என்று லோகநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. கேட்டது என்று சொல்ல அவளுக்கு ஆசைதான். தெரியாது என்பதுதான் உண்மை.

மூன்று ஐம்பதுக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே லோகநாயகிக்குத் தெரிந்துவிட்டது. தொழில் பழக்கம். அவர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நாலு மணி என்று கணக்குப் போட்ட மனுஷன், பத்து நிமிஷம் முன்னாடி கிளம்பிவிட்டார். பாலு கீழே மருந்துக்கடைக்குப் போயிருந்தான்.

அவள் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கண்ணாடிக் கூடு இருந்தது. போன் அடித்தது. ரோஹிணி.

"அம்மா, வேலூர் தாண்டிட்டோம். அச்சுதன் ரொம்ப வேகமா வரார். அப்பா எப்படி இருக்கார்?"

இருக்கார்மா, உன்னையேதான் கேட்டுக்கிட்டிருக்கார், நிதானமா வா. நாக்கு நுனியில் அது தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் அவருக்கு உயிர் இருக்கும். லாரியும் அந்தத் தம்பியின் காலும் அவள் கண்முன் வந்தன. ஆனால் இதற்குமேல் அவள் பெண்ணிடம் ஒரு வார்த்தை பொய் சொன்னால், அப்புறம் அவள் சொல்கிற எதுவும் அந்தப் பெண்ணுக்கு உண்மையாக இருக்காது.

"ரோஹிணி, அச்சுதன வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு."

கார் மெதுவாகி, மண்ணில் இறங்கி நிற்கிற சத்தம் கேட்டது. பின்னால் பேரன், "ஏம்பா நின்னுட்டோம்?" என்று கேட்டான்.

"அப்பா போயிட்டார்மா" என்றாள் லோகநாயகி. "மூணு அம்பதுக்கு. நான் வெளியில வராந்தாலதான் இருந்தேன். நீ கூப்பிட்டது கேட்டுச்சான்னு எனக்குத் தெரியல. இனிமே வேகமா வர வேணாம்."

ரோஹிணி அழுதாள். லோகநாயகி போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். முப்பத்துநாலு வருஷத்தில், சொன்ன பிறகு வருகிற அழுகையை அவள் கேட்டதே இல்லை. அது எப்போதும் வேறு ஊரில், அவள் போனை வைத்த பிறகு நடந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு விமானம் இறங்கியது.

வெகுநேரம் கழித்து ரோஹிணி மூக்கை உறிஞ்சினாள். குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள்.

"அம்மா. நீ சாப்ட்டியா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது லோகநாயகிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இல்லம்மா."

"பக்கத்துல யார் இருக்கா?"

லோகநாயகி வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள்.

"யாரும் இல்லம்மா" என்றாள்.